விலையைக் குறைச்சுக் கேளுங்க... ஆளைக் குறைச்சுப் பேசாதீங்க!

செமஸ்டர் முடியப் போகுது. ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணணும். மூணு வருஷமா உங்களைச் சுமந்த கியர் சைக்கிளை ஊர் வரைக்கும் தூக்கிட்டுப் போக முடியாது. துடைச்சு, போட்டோ எடுத்து, 'நல்ல கண்டிஷன், 6,500 ரூபாய்' என்று ஓ.எல்.எக்ஸில் போடுகிறீர்கள். பத்தே நிமிஷம்... செல்போன் கிணிங் கிணிங்! ஆவலோடு எடுத்துப் பார்த்தால்...

'இருக்கா?'

'லாஸ்ட் எவ்ளோ?'

'2,000 தர்றேன். இப்பவே வர்றேன்.'

'இந்த ஓட்டை சைக்கிளுக்கு ஆறாயிரத்து ஐநூறா? காமெடி பண்ணாதீங்க ப்ரோ!'

கோபம் வருதா? வரத்தான் செய்யும். சரி, போன மாசம் செகண்ட் ஹேண்ட் ஹெட்போனுக்காக நீங்க யாருக்கோ அனுப்பின மெசேஜைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்க. அதுவும் இதே ரகம்தானே? ஹி... ஹி..!

விற்கும்போது ஒரு நியாயம், வாங்கும்போது ஒரு நியாயம் என்பது மனுஷ சுபாவம். ஆனால், இந்த 'அடிமாட்டு விலை' விவகாரத்தில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். குறைச்சுக் கேட்பது தப்பே இல்லை. மாணவர் பர்ஸ் எவ்வளவு கனம் என்று எல்லோருக்கும் தெரியும். தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்தக் குறைந்த விலையோடு சேர்த்து நாம் அனுப்புகிற அலட்சியத்தில். எப்படிக் கேட்கிறோம், எங்கே கேட்கிறோம், சொன்ன சொல்லில் நிற்கிறோமா... இந்த மூணுதான் மேட்டர்!

பேரம் நம்ம ரத்தத்துல இருக்கு!

நமக்குப் பேரம் புதுசா என்ன? 1985-ல் தீ விபத்தில் அழிகிற வரைக்கும் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்துக்குப் பேரம் பேசாத காலேஜ் பசங்களே கிடையாது என்பார்கள். இன்றைக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் சாமான், புதுப்பேட்டையில் வண்டி ஸ்பேர், பர்மா பஜாரில் எலெக்ட்ரானிக்ஸ்... வாயைத் திறக்காமல் வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான். 'போணி நேரம்ணே, பார்த்துக் குடுங்க' என்று நாமும், 'கட்டுப்படியாகாது தம்பி' என்று அவரும் ஆளுக்கொரு வசனம் பேசி, நாலு அடி நடந்து போய், 'சரி வா தம்பி' என்று அவர் கூப்பிட, எல்லாம் சுபமாக முடியும்.

அதே ஆட்டம்தான் நெட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் ஈபே தொடங்கியது 1995-ல். நம் ஊர் பாஸி டாட் காமை அது வாங்கியது 2004-ல். விற்பவர் சொன்ன விலைக்குக் கீழே 'நான் இவ்வளவு தர்றேன்' என்று கேட்பதற்காகவே 'பெஸ்ட் ஆஃபர்' என்று தனி வசதியையே ஈபே 2005-ல் கொண்டுவந்தது. 2006-ல் ஓ.எல்.எக்ஸ்., 2008-ல் குவிக்கர், 2016-ல் ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ் என்று வரிசையாக வந்தன. ஈபே இந்தியா 2018-ல் கடையைச் சாத்திவிட்டது. ஓ.எல்.எக்ஸின் இந்தியத் தொழிலை 2023-ல் கார்ட்ரேட் நிறுவனம் வாங்கிவிட்டது. முதலாளிகள் மாறினாலும் 'லாஸ்ட் எவ்ளோ?' மட்டும் மாறவே இல்லை!

ஆனால், கடைத்தெருப் பேரத்துக்கும் செல்போன் பேரத்துக்கும் ரெண்டு பெரிய வித்தியாசம் உண்டு.

ஒண்ணு, முகம். ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணனிடம் பாதி விலைக்குக் கேட்கும்போது நம் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு இருக்கும். அவர் முகத்திலும் ஒரு கிண்டல் இருக்கும். அந்தச் சிரிப்புதான் பேரத்தின் கசப்பை எடுத்துவிடுகிறது. '2,000 தர்றேன்' என்ற வெறும் மெசேஜில் சிரிப்பு தெரியாது. எழுத்து மட்டும் போய் விழும். படிக்கிறவர் அன்றைக்கு எந்த மூடில் இருக்கிறாரோ, அந்தக் குரலில் அது அவருக்குக் கேட்கும்.

ரெண்டாவது, கடைக்காரருக்குப் பேரம் தொழில். நீங்க குறைப்பீங்கன்னு தெரிந்தேதான் அவர் விலை சொல்கிறார். ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் பேசிப் பழகினவர். ஆனால், நெட்டில் சைக்கிள் விற்கிறவர் வியாபாரி இல்லை. உங்களை மாதிரி ஒரு ஸ்டூடண்ட், பக்கத்துத் தெரு அக்கா, ரிட்டயர்டு வாத்தியார். அவர் விற்பது சரக்கு இல்லை, அவருடைய பொருள்!

துண்டுக்குள்ள ஒரு பாடம்!

பொள்ளாச்சி, மணப்பாறை மாட்டுச் சந்தைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே விலை பேசுவது ஒரு தனி அழகு. வாங்குபவரும் தரகரும் கை குலுக்குவது மாதிரி பிடித்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, இத்தனை ஆயிரம், இத்தனை நூறு என்று பேசிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு முகம் மட்டும்தான் தெரியும், விலை தெரியாது. தலையாட்டல், சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான். ஒத்து வந்தால் அச்சாரம். வராவிட்டால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதில் வியாபார ரகசியம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மரியாதை. ஒருத்தருடைய மாட்டைக் குறைந்த விலைக்குக் கேட்டது ஊருக்கே தெரிந்தால், அடுத்து வருகிறவரும் அதையே பிடித்துக்கொள்வார். மாட்டுக்கும் மதிப்பு போச்சு, மாட்டுக்காரருக்கும் மதிப்பு போச்சு! துண்டு அதைக் காப்பாற்றுகிறது. குறைச்சுக் கேட்கிறவருக்கும் கூச்சம் இல்லை, மறுக்கிறவருக்கும் சங்கடம் இல்லை.

ஃபேஸ்புக் குரூப்பில் ஒருத்தர் கேமரா விற்கப் போஸ்ட் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். கீழே கமென்ட்டில், 'இதுக்கு எட்டாயிரமே ஜாஸ்தி' என்று நீங்கள் எழுதினால், அது துண்டைப் பிடுங்கி எறிகிற வேலை. நீங்கள் வாங்கப் போவதும் இல்லை. ஆனால், வாங்க இருந்த ரெண்டு பேரையும் கிளப்பிவிட்டாச்சு! குறைச்சுக் கேட்கணுமா? தாராளமா கேளுங்க. இன்பாக்ஸ்ல கேளுங்க. அதுதான் நம்ம காலத்துத் துண்டு.

அவங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

'நான் என்ன திருடவா செஞ்சேன்? ஒரு விலை கேட்டேன். பிடிக்கலேன்னா வேணாம்னு சொல்லிட்டுப் போறது... ஏன் திட்டணும்?' என்பது நியாயமான கேள்விதான். பதில், ரெண்டு புகழ்பெற்ற ஆராய்ச்சிகளில் இருக்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று பேர் மாணவர்களை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். முடிவு 1990-ல் வெளியானது. பாதிப் பேருக்குக் காபி கப் ஒன்று கொடுத்தார்கள். 'இதை என்ன விலைக்கு விற்பீங்க?' என்று அவர்களிடம் கேட்டார்கள். கப் கிடைக்காதவர்களிடம், 'என்ன விலைக்கு வாங்குவீங்க?' என்று கேட்டார்கள். விற்கிறவர்கள் சொன்னது சுமார் 5.25 டாலர். வாங்குகிறவர்கள் சொன்னது 2.25-லிருந்து 2.75 டாலர் வரைதான். கிட்டத்தட்ட பாதி! இத்தனைக்கும் அந்தக் கப் கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. 'என்னுடையது' என்று ஆன நிமிஷமே மதிப்பு ஏறிவிடுகிறது. அப்படியானால், மூணு வருஷம் பழகின சைக்கிளுக்கு எப்படி இருக்கும்? விற்கிறவர் பேராசைக்காரரும் இல்லை, நீங்கள் கஞ்சனும் இல்லை. ரெண்டு பேரும் ஒரே பொருளை வேற வேற பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். அவ்வளவுதான் பாஸ்!

இன்னொண்ணு, ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் அவர் சகாக்களும் 1982-ல் வெளியிட்ட பரிசோதனை. ஒருத்தரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, 'இதை இன்னொருத்தரோட பங்கு போட்டுக்கோ. அவர் ஒத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் பணம். மறுத்தா ரெண்டு பேருக்கும் பூஜ்யம்' என்பார்கள். கணக்குப்படி பார்த்தால், பத்து ரூபாய் கிடைத்தாலும் லாபம்தானே? ஆனால், இதே விளையாட்டைப் பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்ததில், இருபது சதவிகிதத்துக்கும் கீழே பங்கு கொடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேர் 'போய்யா!' என்று மறுத்துவிடுவது தெரிந்தது. கைக்கு வருகிற காசை விட்டாலும் விடுவேன், அவமானத்தைத் தாங்க மாட்டேன் என்பதுதான் மனுஷ மனசு.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் அது விலை இல்லை, வசவு! அதற்கப்புறம் நீங்கள் நல்ல விலைக்கு ஏறி வந்தாலும் அவர் உங்களுக்குத் தர மாட்டார். அடிமாட்டு விலை கேட்பதால் முதல் நஷ்டம் உங்களுக்கேதான்!

எவ்வளவு குறைக்கலாம்?

'பாதி விலையில ஆரம்பி, முக்கால் விலையில முடி' என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது கடைத்தெருவுக்கான ஃபார்முலா. தனி ஆள் விற்கிற பொருளுக்குக் கொஞ்சம் வீட்டுப்பாடம் தேவை. ஒரு உதாரணக் கணக்கு போடலாமா?

ஒரு பழைய லேப்டாப். சொல்கிற விலை 22,000. அதே மாடல், அதே வயசு விளம்பரங்கள் ஐந்தாறைத் தேடிப் பாருங்கள். ரொம்ப அதிகமாகச் சொல்கிறவரையும், ரொம்பக் குறைவாகச் சொல்கிறவரையும் விட்டுத் தள்ளுங்கள். நடுவில் நிற்பது 21,000 என்று வைப்போம். பேட்டரி மாற்ற வேண்டும் என்று விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறார். அதற்கு 2,000. ஆக, நியாயமான விலை 19,000. இதுதான் உங்கள் மனசுக்குள்ளே வைத்திருக்க வேண்டிய கோடு. பேசுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, 17,500-ல் ஆரம்பிக்கலாம். அவர் 20,500-க்கு இறங்கி வந்தால், நடுவில் 19,000. கை குலுக்கிடலாம்!

இந்த 'நடுவுல சந்திப்போம்' வித்தைக்கு நிஜமாகவே பலம் உண்டு. ஈபேயில் நடந்த கோடிக்கணக்கான பேரங்களை அலசி நான்கு பொருளாதார நிபுணர்கள் 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கடைசியாகச் சொன்ன ரெண்டு விலைகளுக்கும் சரி பாதியில் வைக்கப்படுகிற ஆஃபர், மற்ற ஆஃபர்களைவிட அதிகமாக ஏற்றுக்கொள்ளப்படுவது அதில் தெரிந்தது. 'நீயும் இறங்கு, நானும் ஏறறேன்' என்பது எல்லா ஊரிலும் நியாயமாகத்தான் தெரியும் போல!

அதில் மூணு பேர் 2019-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் சுவாரஸ்யம். 300 டாலர், 400 டாலர் என்று முழு நூறுகளில் விலை போட்டவர்களுக்கு, பக்கத்தில் ஒட்டிய துல்லியமான விலை போட்டவர்களைவிட 5 முதல் 8 சதவிகிதம் குறைவான ஆஃபர்களே வந்தன. ஆனால் 6 முதல் 11 நாள் சீக்கிரமாக வந்தன. 'ரவுண்டா விலை போட்டிருக்கார்னா சீக்கிரம் தள்ளிவிடப் பார்க்கறார்' என்று வாங்குகிறவர்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். விற்கும்போதும் வாங்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும்.

'அப்போ, ரொம்பவே குறைச்சுக் கேட்கவே கூடாதா?' கேட்கலாம், காரணம் இருந்தால். விளம்பரம் போட்டு ரெண்டு மாசமாகியும் விற்காமல் கிடக்கிறது. புதுசு விலைக்குப் பக்கத்திலேயே பழசுக்கும் விலை சொல்கிறார். ஒரே ஆளிடம் நாலு பொருளைச் சேர்த்து வாங்குகிறீர்கள். இதெல்லாம் நல்ல காரணங்கள். காரணத்தோடு வருகிற 17,500, காரணமே சொல்லாமல் வருகிற 20,000-ஐவிட மரியாதையானது. 'என் பட்ஜெட் அவ்வளவுதாங்க' என்பதும்கூட ஒரு காரணம்தான், உண்மையாக இருந்தால்!

வார்த்தையில இருக்கு வித்தை

ஒரே விலையை ரெண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

முதல் ரகம்: '17,500. ஓகேவா? மாடல் பழசு. பேட்டரி வேற டப்பா. இதுக்கு மேல எவனும் தர மாட்டான்.'

ரெண்டாவது ரகம்: 'வணக்கம். உங்க லேப்டாப் விளம்பரம் பார்த்தேன். நல்லா வெச்சிருக்கீங்க. பேட்டரி மாத்தணும்னு எழுதியிருந்தீங்க, அதுக்கு 2,000 ஆகும்னு விசாரிச்சேன். என்னால 17,500 தர முடியும். ஒத்து வந்தா சனிக்கிழமை காலையில நானே வந்து பார்த்து எடுத்துக்கறேன். ஒத்து வரலைன்னாலும் பரவாயில்லை, நன்றி.'

ரெண்டிலும் தொகை ஒண்ணுதான். ரெண்டாவதில் நாலு விஷயம் இருக்கு. ஒரு வணக்கம், ஒரு காரணம், எப்போது வருவீர்கள் என்ற உறுதி, 'மாட்டேன்' என்று சொல்ல அவருக்கு ஒரு வாசல். அந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். மறுத்தாலும் சண்டை வராது என்று தெரிந்தால்தான் ஒருத்தர் மனசு விட்டு விலை பேசுவார்.

முதல் ரகத்தில் பொருளை மட்டம் தட்டியிருக்கிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். பொருள் அவ்வளவு மட்டம் என்றால் எதுக்கு பாஸ் வாங்கறீங்க?

இதெல்லாம் வேண்டாமே ப்ளீஸ்!

வாங்கற எண்ணமே இல்லாம விலை கேட்பது. 'சும்மா கேட்டுப் பார்த்தேன்' என்பது உங்களுக்கு டைம்பாஸ். அவர் அதை நம்பி, அடுத்து வந்தவருக்கு 'வித்துப் போச்சு' என்று சொல்லியிருப்பார்.

விளம்பரத்தில் 'ஃபிக்ஸட்' என்று போட்டிருந்தும் பாதி விலை கேட்பது. ஒரு தடவை பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். 'இல்லைங்க' என்றதும் விட்டுவிட வேண்டும்.

மறுத்த பிறகும் ஐநூறு ஐநூறாக ஏற்றி, நாள் முழுக்க நச்சரிப்பது. நச்சரிப்பில் குறைகிறது விலை இல்லை, உங்கள் மரியாதை!

விற்கிறவர் பெண் என்று தெரிந்ததும் விலையை விட்டுவிட்டு, 'எந்த காலேஜ்? எங்கே தங்கியிருக்கீங்க?' என்று கிளம்புவது. நம்பர் கொடுத்தது சைக்கிளுக்காக. சைக்கிள் கை மாறியதும் அந்த நம்பரை அழித்துவிடுவதுதான் நாகரிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம் ஒண்ணு இருக்கு. 19,000 என்று பேசி முடித்து, அவரைத் தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் வரைக்கும் லேப்டாப்போடு வரவழைத்து, நேரில் வந்ததும் 'கையில 16,000தான் இருக்கு, குடுத்துட்டுப் போங்க' என்பது! அவர் லீவு போட்டு, பஸ் பிடித்து வந்திருப்பார். திரும்பவும் சுமந்துகொண்டு போகணுமே என்கிற அலுப்பிலேயே கொடுத்துவிடுவார் என்று தெரிந்துதான் அந்தக் கணக்கு. இது பேரம் இல்லை. வழிப்பறிக்கு ஒண்ணுவிட்ட தம்பி!

ஒரே ஒரு விதிவிலக்கு. விளம்பரத்தில் சொல்லாத குறை நேரில் தெரிந்தால், அப்போது மறுபடி விலை பேசலாம். 'ஸ்க்ரீன்ல கோடு இருக்கு, நீங்க சொல்லலியே' என்று காட்டிவிட்டுப் பேசுங்கள். பிடிக்காவிட்டால் வாங்காமல் வருவதும் உங்கள் உரிமை.

அந்தப் பக்கம் யாரு?

விளம்பரங்களில் அடிக்கடி ஒரு வரி வரும். 'அவசரம். பணத் தேவை.' அந்த வரியைப் பார்த்ததும் சிலருக்குக் கண் பளிச்சென்று ஆகிவிடும். 'மாட்டிக்கிட்டார்டா, இன்னும் அடிச்சுக் கேளு!'

ஒரு நிமிஷம் யோசிங்க. ஃபைனல் இயர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்குகிறது என்பதற்காக லேப்டாப்பை விற்கிறவர் இருப்பார். ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தையல் மெஷினைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கும் அம்மா இருப்பார். அவசரத்தில் இருப்பவர் ஏற்கெனவே மார்க்கெட் விலையைவிடக் குறைத்துத்தான் போட்டிருப்பார். அங்கே போய் இன்னும் ரெண்டாயிரம் பிடுங்கினால், நமக்கு அது ஒரு மாச சினிமாச் செலவு. அவருக்கு அது தவணைக்குத் துண்டு விழுகிற பணம். கேட்கிற விலை ஏற்கெனவே நியாயம் என்று தெரிந்தால், 'சரிங்க, எடுத்துக்கறேன்' என்று சொல்லிவிடுவதும் நல்ல பேரம்தான். எல்லாப் பேரத்திலும் ஜெயிச்சே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கு. பத்து பேரிடம் அடிமாட்டு விலை கேட்டு நொந்து போனவர் அடுத்த தடவை என்ன செய்வார்? 'எப்படியும் பாதிக்குத்தான் கேட்கப் போறானுங்க' என்று 20,000 ரூபாய்ப் பொருளுக்கு 30,000 போடுவார். அல்லது, 'இவங்களோட மல்லுக்கட்ட முடியாது' என்று பேசாமல் ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுவார். அந்த வியாபாரி தன் லாபத்தை வைத்து நமக்கே விற்பார். நேராக மாணவர் கையிலிருந்து மாணவர் கைக்கு மலிவாக வர வேண்டிய பொருள், நம் அலட்சியத்தாலேயே விலை ஏறி வருகிறது. அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்கு வரும் ஜூனியர் தலையில்தான் அது விடியும்!

விற்கிறவங்களுக்கும் நாலு வார்த்தை

கை தட்டறது ரெண்டு கையால. விற்கும்போது நீங்களும் ஒழுங்கா இருக்கணுமே!

குறையை மறைக்காதீங்க. கீறல் இருந்தால் கீறலையும் போட்டோ எடுத்துப் போடுங்க. அப்புறம் அதை வைத்து யாரும் விலையைக் குறைக்க முடியாது.

விலை குறைப்பீர்களா, மாட்டீர்களா என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். பாதி மெசேஜ் குறையும்.

அடிமாட்டு விலைக்குக் கேட்டால் திட்ட வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுக் கேலி பண்ணவும் வேண்டாம். 'ஸாரிங்க, 19,000-க்குக் கீழ கட்டாது' என்ற ஒரு வரி போதும். கேட்டவர் வேண்டுமென்றே இழிவு பண்ணவில்லை, அவரிடம் அவ்வளவுதான் இருந்தது என்றும் இருக்கலாம். ஒரு வாரம் கழித்து அவரே பணம் புரட்டிக்கொண்டு வரவும் கூடும்.

ஒருத்தருக்குச் சரி என்று சொல்லிவிட்டால், அப்புறம் ஐநூறு கூடத் தருகிறேன் என்று யார் வந்தாலும் முதல் ஆளுக்கே கொடுங்கள். விற்று முடிந்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்.

உஷார் பாஸ், உஷார்!

பேரமே பேசாம, பொருளையும் பார்க்காம, 'சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன், இப்பவே பணம் அனுப்பறேன்' என்று ஒருத்தர் வந்தால் சந்தோஷப்படாதீங்க... சந்தேகப்படுங்க! பல ஏமாற்றுக் கதைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. 'ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்' என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகத்தான் செய்யும்.

அதேபோல, நம்ப முடியாத மலிவு விலையில் செல்போன் கிடைத்தால், அது திருட்டுப் போனா என்று பாருங்கள். *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். மத்திய அரசு 2023-ல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பில், பெட்டி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நேரில் சந்திப்பதைப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஒரு ஃப்ரெண்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. விலை கேட்டு டைப் பண்ணி முடித்ததும், அனுப்புகிற பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ரெண்டு செகண்ட் நிறுத்துங்கள். இதே வார்த்தையை, இதே விலையை, அவர் வீட்டு வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் தைரியமா அனுப்புங்க, எவ்வளவு குறைவான விலையா இருந்தாலும் சரி. முடியாது என்றால் விலையை மாற்ற வேண்டாம். வார்த்தையை மாற்றுங்கள். அது போதும்!